ஆறுக்கும் ஏழுக்கும் இடையே

என்னைக் கூப்பிட்டதே எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. டொரன்டோவில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகம், திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்திக்கொண்டிருக்கும் என்னை, விமானச் சீட்டும் அனுப்பி நேர்முகத்துக்கு வரச் சொல்கிறது. ஊரில் ஒரு கருத்தரங்குக்குப் பேசக் கூப்பிட்டால் மதியச் சாப்பாட்டு டோக்கனுக்கே மூன்று பேரைப் பார்க்க வேண்டும். இவர்கள் எதற்காக இவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்று கடிதத்தை நாலு தடவை திருப்பித் திருப்பிப் படித்தேன்.

வேலை இதுதான். முனைவர் பட்டம் முடித்தவர்களுக்கான மூன்று வருடப் பணி. 'போஸ்ட்டாக்' என்பார்கள். வழக்கமாக இந்தப் பணியில் சேருகிறவர் யாரோ ஒரு பேராசிரியரின் ஆராய்ச்சிக்காக ஆய்வுக்கூடத்தில் மாடாக உழைக்க வேண்டும். இதில் அது கிடையாது. முதுநிலை மாணவர்களுக்கு நுண்ணுயிரியலில் புதிதாக ஒரு பாடத்தை வடிவமைக்க வேண்டும், பிறகு அதை நாமே நடத்த வேண்டும். பன்னிரண்டு வருடமாக யாரும் கேட்காமலே நான் செய்துவந்த காரியம் அது. முப்பத்தேழு வயதில் பட்டம் வாங்கி, நாற்பதில் நிற்கிறவளுக்கு இப்படி ஒன்று இன்னொரு முறை வராது. எனக்கு அந்த வேலை வேண்டும். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

என் சந்தேகம் வானத்திலிருந்து குதித்ததல்ல. ஆறு வருடத்துக்கு முன்னால் நான் உட்கார்ந்து உட்கார்ந்து எழுதிய செய்முறைக் குறிப்புகளை, "கொஞ்சம் பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்று அப்போதைய துறைத்தலைவர் வாங்கிப்போனார். அடுத்த ஜூனில் அது அவர் பெயரில் கையேடாக வந்தது. முன்னுரையில் எனக்கு நன்றிகூட இல்லை. தட்டச்சு செய்தவருக்கு இருந்தது. அன்று முதல் எனக்கு ஒரு வழக்கம். செய்முறைத் தாளை யாருக்குக் கொடுத்தாலும் அதில் ஒரு படியை எடுத்துவிட்டுத்தான் கொடுப்பேன். மாணவர்களுக்கும்தான். போன வருட ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுகிறவன் அந்த இடத்தில் மாட்டிக்கொள்வான். விடுபட்டதைக் கண்டுபிடித்து வந்து கேட்கிறவனுக்கு முழு மதிப்பெண். இதற்குக் கற்பித்தல் முறை என்று நானே பெயரும் வைத்துக்கொண்டேன்.

டொரன்டோக்காரர்கள் நேர்முகத்தின் ஒரு பகுதியாக மாதிரி வகுப்பு ஒன்று எடுக்கச் சொன்னார்கள். செய்முறைத் தாளை ஒரு வாரம் முன்பே அனுப்பிவிட்டால் அவர்களே எல்லாம் தயார் செய்து வைப்பார்களாம். கூடவே முழுப் பாடத்திட்டமும் வேண்டுமாம். எனக்குச் சுருக்கென்றது. பாடத்தை வாங்கி வைத்துக்கொண்டு, 'மிக்க நன்றி, வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம்' என்று எழுத எவ்வளவு நேரமாகும்?

நான் எடுத்துக்கொண்டது பாக்டீரியாவைத் தின்னும் வைரஸைப் பற்றிய பாடம். புரிவது கஷ்டமில்லை. ஒரு வட்டத் தட்டில் பாக்டீரியாவை வளரவிட்டால், மறுநாள் அது தோசைக்கல்லில் தேய்த்த மாவுபோலத் தட்டு முழுக்கப் பரவியிருக்கும். வைரஸைக் கலந்து வளர்த்தால் அது தின்ற இடமெல்லாம் தோசையின் ஓட்டைபோல வட்ட வட்டமாகத் தெரியும். ஆனால் இந்த வைரஸ் பாக்டீரியாவில் ஒட்டிக்கொள்ளக் கொஞ்சம் கால்சியம் வேண்டும். அது இல்லையென்றால் ஓட்டை விழாது. என் தாளில் ஆறாவது படி, இரண்டையும் கலப்பது. ஏழாவது, பத்து நிமிடம் அப்படியே வைப்பது. கால்சியம் சேர்ப்பது அந்த இரண்டுக்கும் நடுவில் வரும். அதை எடுத்தேன். தேவையான பொருட்கள் பட்டியலிலிருந்தும் எடுத்தேன். கடைசியில் எதை எங்கே கொட்டிக் கழுவ வேண்டும் என்று வரும் இடத்திலும் அடித்தேன். தட்டுகள் ஓட்டையே இல்லாமல் வரும், மாணவர்கள் முழிப்பார்கள், நான் கைப்பையிலிருந்து கால்சியத்தை எடுத்து மேசையில் வைப்பேன். யாரும் திருடவும் முடியாது, வகுப்பும் களைகட்டும். ரொம்பக் கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டு விமானம் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை டொரன்டோ விமான நிலையத்தில் அந்தக் கால்சியமே எனக்கு வினையாகப் பார்த்தது. சின்னப் புட்டியில் வெள்ளைத் தூள். சுங்க அதிகாரி அதை வெளிச்சத்தில் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"இது என்ன?"

"ஒருவகை உப்பு. பாலாடைக்கட்டி செய்கிறவர்களும் போடுவார்கள்."

"சமைக்கப் போகிறீர்களா?"

"பாடம் நடத்தப் போகிறேன்."

அவர் புட்டியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்துவிட்டுச் சிரித்தார். நல்லபடியாக நடத்துங்கள் என்று சொல்லிப் பையை மூடிக் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான். வெள்ளைத் தூளோடு வந்த ஒருத்தியை இரண்டே கேள்வியில் விட்டுவிட்டார்கள் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. பின்னாலேயே யாராவது வருகிறார்களா என்று வாசல்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.

வெளியே வசந்தி அக்கா நின்றார். திருச்சியில் என்னோடு விடுதி அறையில் இருந்த யாழ்ப்பாணத்துத் தோழியின் அக்கா. அதுவரை தொலைபேசியில் குரல் மட்டும்தான் பழக்கம். "வாங்கோ வாங்கோ. உந்தக் கோட்டு இந்தக் குளிருக்குக் காணாது, இதைப் போடுங்கோ" என்று தன் மேலங்கியைக் கழற்றி என் தோளில் போட்டுவிட்டு, மெல்லிய ஸ்வெட்டரோடு நடந்தார். ஐந்து நாள் அவர் வீட்டில்தான் தங்க வேண்டும். இவ்வளவு அன்புக்கு நான் என்ன செய்ய வேண்டியிருக்குமோ என்று காரில் யோசித்துக்கொண்டே வந்தேன்.

வீடு நகரத்துக்கு வெளியே, பிக்கரிங்கில். தெரு முழுக்க ஒரே அச்சில் வார்த்த புது வீடுகள். பாதி வீட்டு வாசலில் அட்டைப் பெட்டிகள் கேட்பாரில்லாமல் கிடந்தன. ஆன்லைனில் வாங்கிய சாமான்களாம். கொண்டுவருகிறவர்கள் வைத்துவிட்டுப் போய்விடுவார்களாம்.

"யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்களா அக்கா?" என்றேன்.

"ஏன் தூக்குறாங்கள்?" என்றவர், கதவைத் திறந்துகொண்டே, "கமராவும் இருக்குதுதானே" என்று மேலே காட்டினார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. இங்கேயும் மனிதர்கள்தான் வசிக்கிறார்கள்.

இடியப்பமும் சொதியும் சம்பலும் வைத்திருந்தார். நம் ஊர் இடியாப்பத்தை மூன்று தின்றால் வயிறு நிறையும். இது தட்டுத் தட்டாக, காகிதம்போல மெல்லியதாக இருந்தது. பதினொன்று சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தால் அவருடைய மகள் அபி கண்ணை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, ஷீ இஸ் லைக், ரியலி ஹங்ரி" என்றாள். "விடு பிள்ளை, பிளேனிலை என்னத்தைக் குடுத்தவங்களோ" என்றார் வசந்தி அக்கா.

திங்கட்கிழமை எனக்கு வேலை இல்லை. மறுநாள் வழி தவறாமலிருக்க ஒத்திகை பார்த்துவிடலாம் என்று ரயில் ஏறி நகரத்துக்குப் போனேன். நிலையத்தில் தடுப்பு இல்லை, சீட்டுக் கேட்கவும் ஆளில்லை. ஒரு கம்பத்தில் அட்டையைத் தொட்டுவிட்டு ஏறுகிறார்கள், இறங்கும்போது இன்னொரு கம்பத்தில் தொடுகிறார்கள். யாரோ எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நிச்சயமாகத் தோன்றியதால் நான் ஒவ்வொரு கம்பத்திலும் இரண்டு முறை தொட்டேன். இரண்டாவது தொடல் முதலாவதை ரத்து செய்துவிடும் என்று சாயங்காலம் அபிதான் சொன்னாள்.

திரும்பி வரும்போது யூனியன் ஸ்டேஷனில் கூட்டம் போன பக்கம் நானும் போய் வண்டி ஏறினேன். பத்து நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. காலையில் ஜன்னலில் கூடவே வந்த ஏரியைக் காணோம். எதிரே ஐம்பது வயதிருக்கும் ஒருவர், விமான நிலைய வேலைக்கான பச்சை மேற்சட்டையோடு உட்கார்ந்திருந்தார். என்னையே பார்ப்பதுபோல இருந்தது. பையை மடியில் இறுக்கிக்கொண்டேன்.

"நீங்கள் தமிழோ?" என்றார்.

"ஆமா."

"எங்கை போறியள்?"

"இங்க பக்கத்துலதான்." முன்பின் தெரியாதவரிடம் போகிற இடத்தை எதற்குச் சொல்ல வேண்டும்?

அவர் என் மடியிலிருந்த பையைப் பார்த்தார். பிறகு, "உது பிறம்ரன் போற ரெயின், தங்கச்சி. மேற்காலை போகுது. அங்கைதான் போறியளெண்டா சரி" என்றார். என் முகம் போன போக்கிலிருந்து விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது. பிக்கரிங் கிழக்கே இருக்கிறது.

பிறம்ரன் என்று அவர் சொன்ன பிராம்ப்டனில் அவரும் இறங்கினார். எதிர்ப்பக்க மேடைக்குக் கூட்டிப்போய், பலகையில் வண்டி நேரத்தைக் காட்டினார். அங்கேயே நின்று வீட்டுக்குப் பேசினார்: "ஒரு பிள்ளை மாறி ஏறிட்டுது. ஏத்திவிட்டிட்டு வாறன்." எனக்குக் கேட்கும்படி பேசியதே எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. "போனிலை சார்ஜ் இருக்கோ?" என்று கேட்டபோது, இதோ போனைக் கேட்கப்போகிறார் என்று சட்டைப்பைக்குள் கையை விட்டு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். இருபத்தைந்து நிமிடம் குளிரில் நின்று, வண்டி வந்ததும் கையசைத்துவிட்டு அவர் போய்விட்டார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பல்கலைக்கழகம். துறைத்தலைவர் ஹெலன் உயரமான, நரைத்த அம்மையார். தன் பெயரைச் சொல்லியே கூப்பிடச் சொன்னார். நம் ஊரில் துறைத்தலைவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அடுத்த வாரமே தேர்வுக் கண்காணிப்பு முழுக்க நம் தலையில் விழும். நான் எதைச் சொன்னாலும் "அற்புதம்" என்றார். பாடத்திட்டத்தைச் சொன்னேன், அற்புதம். திருச்சியில் ஒரு ஆய்வக வகுப்பில் அறுபது பேர் என்றேன், அற்புதம். மின்சாரம் போனால் இன்குபேட்டரைப் போர்வையால் மூடுவோம் என்றதும் அற்புதமாம். இப்படி எல்லாவற்றையும் புகழ்கிறவர்களை நான் எப்போதும் நம்புவதில்லை.

ஆய்வகங்களைச் சுற்றிக் காட்டினார்கள். தட்டுகளும் திரவங்களும் தயாராகும் இடத்தை 'கிச்சன்' என்கிறார்கள். அதைக் கடக்கும்போது தட்டில் ஊற்றும் அகார் கொதிக்கும் வாசனை குப்பென்று வந்தது. திருச்சியிலும் அதே வாசனைதான். உள்ளே நீல அங்கி போட்ட ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு பெரிய குடுவை ஒன்றை ஆட்டிக்கொண்டிருந்தார். ஹெலன் நிற்கவில்லை. நானும் நிற்கவில்லை.

மதியம் எல்லோரும் ஆறிப்போன சான்ட்விச்சைச் சந்தோஷமாகச் சாப்பிட்டார்கள். அப்போது ஹெலன், "உங்கள் பாடத்திட்டத்தைத் தேர்வுக்குழு எல்லோரும் பார்க்கும்படி பொதுக் கோப்பில் போடலாமா?" என்று கேட்டார். 'போடுங்கள்' என்றேன். உள்ளுக்குள், கால்சியம் என் பையில்தானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நாலு மணிக்கு ரயிலுக்குக் காத்திருக்கும்போது ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆங்கிலத்தில் இரண்டே வரி. 'நாளைய வகுப்புக்கான உங்கள் தாளைப் பார்த்தேன். ஆறாவது படிக்கும் ஏழாவது படிக்கும் இடையில் ஏதேனும் விடுபட்டிருக்கிறதா? ஆறு மணிக்குள் சொன்னால் சேர்த்துவிடலாம்.' கீழே பெயர் இல்லை. எஸ். ஏ. என்று இரண்டு எழுத்து மட்டும்.

இரண்டு முறை படித்தேன். ஆக, செய்து பார்த்திருக்கிறார்கள். வரவில்லை. இப்போது என் வாயாலேயே சொல்லவைக்கப் பார்க்கிறார்கள். யார் இந்த எஸ். ஏ.? தேர்வுக்குழுவில் ஒருவரா? எனக்குப் போட்டியாக வந்திருக்கும் யாருக்காவது கேட்கிறாரா? பதில் போடவில்லை. அன்று வசந்தி அக்காவின் புட்டும் மீன் குழம்பும் அமிர்தமாக இருந்தன. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தவளுக்கு உள்ள பசி எனக்கு.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு வகுப்பு. முதுநிலை மாணவர்கள் எட்டுப் பேர். பின்வரிசையில் ஹெலனும் தேர்வுக்குழுவினர் இருவரும். மேசையில் தட்டுகளை ஏற்கெனவே அடுக்கி வைத்திருந்தார்கள். பார்த்ததும் திக்கென்றது. நான் கேட்டது ஒரு அடுக்கு. அங்கே இரண்டு இருந்தன. ஒன்றில் நீல நாடா ஒட்டி 'தாளில் உள்ளபடி' என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் சிவப்பு நாடா ஒட்டி 'கால்சியத்தோடு' என்று எழுதியிருந்தது.

மாணவர்கள் மூடியைத் திறந்துவிட்டார்கள். நீல அடுக்கில் ஓட்டையே இல்லை, தேய்த்த மாவுபோலப் பாக்டீரியா மட்டும். சிவப்பில் தட்டு முழுக்க அழகழகான வட்டங்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் என் தாளையும் தட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினாள்.

"தாளில் கால்சியம் என்று எங்கேயும் இல்லையே. விட்டுப்போய்விட்டதா?"

பன்னிரண்டு வருடம் வகுப்பெடுத்த நாக்கு. அது தானாகவே பேசியது.

"இல்லை. வேண்டுமென்றே விட்டேன். ஆய்வகத்தில் எந்தச் செய்முறையும் உங்கள் கைக்கு முழுசாக வராது. எது இல்லை என்று தட்டுதான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். இப்போது சொல்லுங்கள், இந்த இரண்டு அடுக்குக்கும் நடுவில் என்ன நடந்திருக்கிறது?"

அதன்பிறகு அந்த வகுப்பு போன போக்கை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மாணவர்கள் ஒருவரையொருவர் மறித்துக்கொண்டு பேசினார்கள். பலகையில் படம் போட்டார்கள், சண்டை போட்டார்கள், தாங்களே விடையைக் கண்டார்கள். கடைசியில் கைப்பையிலிருந்து புட்டியை எடுத்து மேசையில் வைத்தேன். மேசையை விரலால் தட்டினார்கள். அங்கே அதுதான் கைத்தட்டல்போல. உண்மையைச் சொன்னால், ஓட்டையில்லாத தட்டுகள் மட்டும் இருந்திருந்தால் இதில் பாதிகூட நடந்திருக்காது. தோல்வியையும் வெற்றியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால்தான் அவர்களுக்குப் பிடிபட்டது.

வாசலில் தள்ளுவண்டியோடு நீல அங்கிப் பெண் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. நான் பார்த்ததும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

ஹெலன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "இரண்டு அடுக்காக வைத்தீர்களே, அதுதான் அபாரம். கிச்சனில் எப்போது சொல்லி ஏற்பாடு செய்தீர்கள்?"

"நேற்று" என்றேன்.

ஒரே ஒரு சொல். அதைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

எல்லோரும் போனபின் கிச்சனைத் தேடிப் போனேன். நன்றி சொல்லத்தான் போனேன் என்று எழுத ஆசை. அந்தப் பெண் ஹெலனிடம் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று பார்க்கத்தான் போனேன். அவர் தொட்டியில் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். திரும்பிப் பார்க்காமலே தமிழில் கேட்டார்.

"தட்டு சரியா வந்ததோ, டொக்டர்?"

நான் தொட்டியருகே போய் நின்றதும் திரும்பினார். மார்பில் தொங்கிய அட்டையில் சுகந்தி அந்தோனிப்பிள்ளை என்றிருந்தது. எஸ். ஏ. பதினைந்து வயதில் மன்னாரிலிருந்து வந்தவர், பத்தொன்பது வருடமாக இந்தக் கிச்சனில் இருக்கிறார் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

"நேத்து மெயில் போட்டனான். கிடைக்கேல்லையோ?"

"பாக்கலை அக்கா. பிரயாணக் களைப்பு."

"பரவாயில்லை. பதில் வரேல்லை எண்டபடியால் ரெண்டு செட்டாப் போட்டன். நான் எப்பவும் உப்பிடித்தான். எழுதினவைக்கு ஏதும் காரணம் இருக்கும், எங்கடை எண்ணத்துக்கு அவையின்ரை தாளை மாத்தக் கூடாது. அதுக்காக வகுப்பிலை அவை வெக்கப்படவும் விடக் கூடாது. ஒண்டு எழுதினபடி, ஒண்டு சரிவாற மாதிரி."

அவர் தலைக்குமேல் ஒரு அலமாரி நிறையக் கோப்புகள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு பெயர். எனக்கு முன்னால் இந்தப் பணிக்கு வந்தவர்கள்.

"மூண்டு வருசத்துக்கு ஒராள் வருவினம். பாடம் செய்வினம். பேந்து நல்ல வேலை கிடைச்சுப் போயிடுவினம். பாடம் இஞ்சை இருக்கும்" என்றார்.

ஒன்றை எடுத்துப் பிரித்தேன். ஓரமெல்லாம் பென்சில் எழுத்து. 'இந்தச் சூட்டில் உறையாது, குறைக்கவும்.' 'இன்னும் ஐந்து நிமிடம் வேண்டும்.' அடுத்தடுத்த வருடத்துத் தாள்களில் அந்தத் திருத்தங்களெல்லாம் அச்சில் ஏறியிருந்தன. எல்லாக் கோப்பிலும் அதே பென்சில் எழுத்து. எந்த அட்டையிலும் அந்தக் கைக்குரியவரின் பெயர் இல்லை. எனக்கு என் துறைத்தலைவரின் கையேடு நினைவுக்கு வந்தது.

"வகுப்பிலை வேணுமெண்டுதான் விட்டதெண்டு சொன்னியள்" என்றார் சுகந்தி அக்கா, கையைத் துடைத்துக்கொண்டே.

"ஆமா அக்கா. பசங்களுக்காக."

"மறக்கிறவை ஓரிடத்திலைதான் மறப்பினம். நீங்கள் மூண்டிடத்திலை எடுத்திருந்தனீங்கள். அதாலை வேணுமெண்டு செய்ததெண்டு எனக்கும் விளங்கினது." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா பிள்ளையளுக்காக எண்டா, தட்டுப் போடுற எனக்குச் சொல்லியிருப்பியள்."

ஊர் முழுக்கத் திருடர்கள் என்று நினைத்துக்கொண்டு வந்தவளை, வந்த இடத்தில் ஒருவர் முதல்முறையாகச் சரியாகச் சந்தேகப்பட்டிருக்கிறார்.

"ஹெலன் உங்ககிட்ட இதைப் பத்திக் கேட்டாங்களா?" என்றேன். வெட்கம் கெட்ட கேள்விதான். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கேட்டாச் சொல்லுவன். இஞ்சை கிச்சினுக்கு வந்து ஒருத்தரும் ஒண்டும் கேக்கிறேல்லை." சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து ஒரு மீன் பணிஸை, அதாவது மீன் அடைத்த பன்னை, என்னிடம் நீட்டினார். "சாப்பிடுங்கோ. வகுப்பெடுத்தாப் பசிக்கும்."

அதை வாங்கும்போதும் ஒரு கணம், இதை எதற்குத் தருகிறார் என்று நினைத்தேன். பழக்க தோஷம். சூடு ஆறிப்போயிருந்தது, மிளகு தூக்கலாக இருந்தது. அங்கே ஐந்து நாளில் சாப்பிட்டதில் அது ஒன்றைத்தான் நான் முடிக்காமல் வைத்தேன்.

வியாழக்கிழமை ஏரிக்கரை, கோவில், ஸ்காபரோவில் தமிழ்க் கடைகள் என்று வசந்தி அக்கா சுற்றிக் காட்டினார். ரோல்ஸும் கொத்துரொட்டியும் வாங்கித் தந்தார். எதிலும் மனம் ஒட்டவில்லை. "இன்டர்வியூ சரிவரேல்லையோ?" என்று கேட்டார். நன்றாக நடந்தது என்றேன். "பேந்து ஏன் முகத்தை உப்பிடி வச்சிருக்கிறியள்?" என்றார். வெள்ளிக்கிழமை புறப்படும்போது அவர் மேலங்கியைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்க மறுத்துவிட்டார். "உங்களுக்குத்தான் வேலை கிடைக்கும், திரும்பி வருவியள்தானே. அப்ப தாங்கோ" என்றார். ஐந்து நாளும் அவர் என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை.

திருச்சிக்கு வந்து இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. வேலை எனக்குத்தான். வீட்டில் பாயசம் வைத்தார்கள். கடிதத்தோடு ஒரு படிவம் இருந்தது. அதில் ஒரு வரி: 'இப்பாடத்தின் மையமான இரட்டைத் தட்டு முறை விண்ணப்பதாரரின் சொந்த ஆக்கம் என்பதை உறுதி செய்யவும்.' பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். அதற்குள் ஒரு குறி போட்டு அனுப்ப வேண்டும்.

இரண்டு நாள் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஹெலனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அந்தத் தட்டுகளைத் தயாரித்ததில் கிச்சனில் பணிபுரியும் சுகந்தி அவர்களின் உதவி பெரியது, பாடத்தில் அவர் பெயருக்கும் நன்றி சொல்ல வேண்டும் என்று. எழுதி முடித்ததும் பெரிய மனது பண்ணிவிட்டதுபோல இருந்தது. அப்போதுதான் பழைய சந்தேகம் எட்டிப் பார்த்தது, இந்த முறை என் பக்கமாக. அந்த மின்னஞ்சல் நாளும் நேரமும் போட்டு சுகந்தி அக்காவிடம் இருக்கிறது. நான் ஏற்பாடு செய்யவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. மனசாட்சிக்காக இதை எழுதினேனா, அந்த மின்னஞ்சலுக்குப் பயந்து எழுதினேனா? இன்றுவரை எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

கடிதத்தை ஹெலனுக்கு அனுப்பும் முன், சம்மதமா என்று கேட்டு சுகந்தி அக்காவுக்கு அனுப்பினேன். அங்கே காலை விடிந்ததும் பதில் வந்தது. ஒரே வரி. முன்பு எழுதிய அதே ஆங்கில வாக்கியம், ஒரு எழுத்து மாறவில்லை.

'ஆறாவது படிக்கும் ஏழாவது படிக்கும் இடையில் ஏதேனும் விடுபட்டிருக்கிறதா?'

என் கடிதத்தை மறுபடி படித்தேன். அதிலும் மூன்று இடத்தில் எடுத்திருந்தேன்.

புதிதாக எழுதினேன். தாளிலிருந்து கால்சியத்தை எடுத்தது மாணவர்களுக்காக அல்ல, நீங்கள் என் பாடத்தைத் திருடிவிடுவீர்கள் என்ற பயத்தில். என்ன விடுபட்டது என்று சுகந்தி கேட்டார், படித்துவிட்டும் நான் பதில் சொல்லவில்லை. இரண்டு அடுக்காக வைத்தது அவருடைய யோசனை, பத்தொன்பது வருடமாக அவர் வேலை செய்யும் முறை அது. 'நேற்று' என்று நான் உங்களிடம் சொன்னது பொய். கட்டத்தைக் காலியாக விட்டு, படிவத்தையும் சேர்த்து ஹெலனுக்கு அனுப்பினேன்.

ஆறு நாளாகிறது. ஹெலனிடமிருந்து பதில் இல்லை. வசந்தி அக்காவின் மேலங்கி திருச்சி வெயிலில் ஆணியில் தொங்குகிறது. அதைத் திருப்பிக் கொடுக்கப் போவேனா, தபாலில் அனுப்புவேனா என்பது எனக்குத் தெரியாது.

அன்று ஹெலனுக்கு அனுப்பிய கையோடு, டொரன்டோவில் ரயில் மேடையில் நின்று படித்த அந்தப் பழைய மின்னஞ்சலைத் தேடி எடுத்து, அதற்குப் பதில் போட்டேன்.

'ஆமாம் அக்கா. விடுபட்டிருந்தது. சேர்த்துவிட்டேன்.'